உயிருக்கு மட்டும்

அன்று காலை பால்தென் வீட்டு அடுப்பறையில் இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்கு உடையவரும் அந்த ஆண்டு ஊரின் நவாவுமான பால்தென், சுவரோரப் பலகையில் முழங்காலை வயிற்றோடு மடக்கிப் படுத்திருந்த அவருடைய தம்பி கெலு, கெலுவின் மனைவி யாங்ஜி, பால்தெனின் மகன் சுல்திம், சாட்சிக்கு அழைத்து வரப்பட்ட மாவு மில் ஓங்டியும் கடைக்கார லாமுவும், ஹாலந்திலிருந்து வந்து மாடி அறையில் தங்கியிருந்த மரைகே என்ற ஆசிரியை. வேறு யாரும் இல்லை. ஊரில் பாதிப் பேர் யாக்குகளோடு மேல் புல்வெளியில் இருந்தார்கள். தாங்களும் அந்த அடுப்பறையில் இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் பலர். அவர்கள் இல்லை.

நவா என்றால் காவல். முன்பெல்லாம் காட்டுக்குத்தான் காவல். பச்சை மரத்தில் கத்தி வைத்தவனைப் பிடித்து நிறுத்துவதும், அவன் சாங் என்ற தானியக் கள்ளுக் குடத்தோடும் பட்டுத் துண்டோடும் வந்து மன்னிப்புக் கேட்கும்வரை அவனோடு ஊர் பேசாமல் பார்த்துக்கொள்வதும் நவாவின் வேலை. பால்தெனின் தகப்பனார் நவாவாக இருந்தபோது, சொந்த அண்ணனையே பச்சை ஜூனிப்பர் வெட்டியதற்காகக் கோயில் வாசலில் நிற்க வைத்தவர். அதற்காகத்தான் தார்சே ஊர் அந்த வீட்டை மதித்தது. அதற்காகத்தான் பயந்தது.

பனி ஏரி உடைந்து கீழ்ப்பாதி ஊரை வாரிக்கொண்டு போன பிறகு, காவல் காட்டோடு நிற்கவில்லை. பனியைப் பார்க்க வருகிறவனே பனியை உருக்கிவிட்டுப் போகிறான் என்று ஊர்க்கூட்டத்தில் முதலில் எழுந்து சொன்னவர் பால்தென். காத்மாண்டுவில் பயண நிறுவனம் நடத்தும் அஞ்சனா தூலாதர் அதைப் பிடித்துக்கொண்டாள். அவளும் ஊரும் சேர்ந்து சட்டம் போட்டார்கள். வருகிறவர்கள் விமானத்தில் ஏறிக் குதித்து வரவேண்டாம், பஸ்ஸில் வந்து மிச்சத்தை நடக்கட்டும். நான்கு ஊரைத் தொட்டுவிட்டு ஓடவேண்டாம், ஒரே ஊரில் தங்கட்டும். மேலே பறந்து வரும் கோழியும் டப்பா மீனும் வேண்டாம், எங்கள் உருளைக்கிழங்கையும் கோதுமைக் களியையும் தின்னட்டும். குளிர்காய விறகு கிடையாது, கம்பளி உண்டு. வெயில் அடித்த அன்று வெந்நீர், அடிக்காத அன்று முகம் கழுவினால் போதும். கடைசியாக, ஹெலிகாப்டர். அது உயிருக்கு மட்டும்.

அந்தக் கடைசிச் சட்டம்தான் கசந்தது. மலையைப் பார்த்தபடி ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பப் பறக்கிறவர்களுக்காகக் கெலு தன் உருளைக்கிழங்கு வயலையே சமன் செய்து இறங்குதளம் ஆக்கியிருந்தான். சட்டம் வந்ததும் தளம் சும்மா கிடந்தது. இறுகிப்போன மண்ணில் கிழங்கும் வரவில்லை.

சட்டத்தைச் சுற்றிக்கொண்டு போகவும் ஆட்கள் பழகினார்கள். கீழே நடந்து போகச் சோம்பல்பட்டவனுக்குத் திடீரென்று தலை வலிக்கும். ஹெலிகாப்டர் ஏறியதும் வலி இறங்கிவிடும். அதனால் ஊர் ஒரு வழி வைத்தது: நவாவும் இன்னும் இரண்டு பேரும் நோயாளியை நேரில் பார்த்து, இது உயிர் விஷயம் என்று பெரும்பான்மையாகச் சொன்னால் மட்டுமே கூப்பிடுவது.

அப்படியும் முந்தைய வசந்தத்தில் ஒரு வெளியூர்க்காரன் தப்பினான். சாட்சி சொன்னவர்களில் ஒருவன் கெலு. "செத்துக்கிட்டிருக்கான்" என்று சத்தியம் செய்தான். செத்துக்கொண்டிருந்தவன் கெலுவின் வயலில் இறங்கிய ஹெலிகாப்டரின் முன்னால் நின்று, பல் தெரியச் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டான். கெலு சாங் குடத்தோடு வந்து அண்ணன் முன் மண்டியிட்டான். பால்தென் குடித்தார், மன்னித்தார். அன்றிலிருந்து மாவு மில்லில் ஒரு பேச்சு ஓடியது. தம்பி வீட்டு சாங் கொஞ்சம் இனிப்பாக இருக்கும் போலிருக்கிறது என்று.

அந்தப் பேச்சு பால்தென் காதில் விழுந்த நாளிலிருந்து அவர் முதுகு இன்னும் நேராகிவிட்டது.

"எப்போலருந்துடா?" பால்தென் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"நேத்து காலையிலருந்து அண்ணே. தொப்புள்ள ஆரம்பிச்சுது. இப்போ இந்த வலப்பக்கம் குடியேறிடுச்சு. காலி பண்ணுன்னா கேக்க மாட்டேங்குது."

"வாந்தி?"

"எல்லாம் ஆச்சு. உள்ள இனிமே நான் மட்டும்தான் பாக்கி."

ஓங்டி கையைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றான். "போன தடவையும் இதே பலகைதான்," என்றான். "இதே முனகல்தான். அப்போ முனகினவன் வேற, அவ்வளவுதான்."

"ஓங்டி, அவன் நெத்தியைத் தொட்டுப் பாத்துட்டுப் பேசு," என்றாள் லாமு. "நடிக்கிறவனுக்கு நெத்தி சுடுமா?"

"அடுப்போரமா படுத்திருக்கான். என் நெத்தியும்தான் சுடுது. என்னையும் ஏத்தி அனுப்புவியா?"

"உன்னை ஏத்தினா ஹெலிகாப்டர் எந்திரிக்காது."

கெலு சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வயிற்றைத் தொட்டதும் அவன் முகம் கோணிக்கொண்டது. மரைகே சுல்திமிடம் ஏதோ வேகமாகச் சொன்னாள்.

"அப்பா, இவங்க சொல்றாங்க, செலவை இவங்க ஏத்துக்கறாங்களாம். ஹெலிகாப்டர் வராத ஊர்னுதான் இவங்க இவ்வளவு தூரம் தேடி வந்ததாம். அவங்களே கேக்கறாங்க, கூப்பிடுங்கன்னு."

"செலவு இல்லை விஷயம்னு சொல்லு," என்றார் பால்தென். "உயிருக்குன்னா வரும். உயிருக்கான்னு சாட்சிங்க சொல்லணும். லாமு, நீ சொல்லு."

"கூப்பிடுங்க. எனக்கு யோசனையே இல்லை."

"ஓங்டி?"

ஓங்டி கெலுவைப் பார்த்தான், பிறகு பால்தெனைப் பார்த்தான். அந்தப் பார்வை அவர்மேல் தங்கிவிட்டது. "எனக்குத் தெரியல. வயித்துவலின்னு நான் எத்தனை பேரைப் பாத்திருக்கேன். நம்பறதுக்கு ஒண்ணும் தோணல. வேணாம்னுதான் சொல்லுவேன். நவா என்ன சொல்றாரோ அப்படி."

ஆக, சொல் பால்தெனிடம் வந்து நின்றது.

அவர் தம்பியின் சட்டையை விலக்கி வயிற்றில் கை வைத்தார். பலகை போல இறுகியிருந்தது. அமுக்கிய கையை எடுத்தபோது கெலு உதட்டைக் கடித்துக்கொண்டு சத்தம் இல்லாமல் அழுதான். சின்ன வயதில் யாக் முட்டி விலா உடைந்தபோதுகூட அவன் சத்தம் போட்டுத்தான் அழுதிருக்கிறான். இது நடிப்பில்லை என்று பால்தெனின் கைக்குத் தெரிந்துவிட்டது. கைக்குத் தெரிந்ததை வாய் சொல்லவேண்டும், அவ்வளவுதான் மிச்சம்.

அப்போது யாங்ஜி எழுந்தாள். யாரும் கவனிக்காத நேரத்தில் அவள் தன் வீட்டுக்குப் போய் வந்திருந்தாள். கையில் மரக்குடம் இருந்தது. குடத்து வாயில் மூன்று இடத்தில் வெண்ணெய் வைத்திருந்தாள். கேட்பவள் முறையாகக் கேட்கிறாள் என்பதற்கு அது அடையாளம். குடித்தவர் கேட்டதைக் கொடுத்தே ஆகவேண்டும், அது ஊர் வழக்கம். இரண்டு கையாலும் கோப்பையை நிரப்பி நீட்டினாள்.

"மாமா, ஒரு வாய் குடிங்க."

பால்தென் கோப்பையைப் பார்த்தார். ஓங்டி தூணிலிருந்து முதுகை எடுத்து நேராக நின்றான். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது தேவலை.

"நவாவா இருக்கேன் யாங்ஜி. சொந்தக்காரங்க கையால குடிக்க மாட்டேன்."

"நான் சொந்தக்காரியா வரல மாமா. ஊர்க்காரியா வந்திருக்கேன்."

"குடத்துக்கு அது தெரியாது."

அவள் கை தாழவில்லை. வழக்கப்படி மூன்று தரம் நீட்டவேண்டும். மூன்று தரமும் நீட்டினாள். மூன்று தரமும் அவர் வாங்கவில்லை. நுரை ஓரமாக வழிந்து அவள் மணிக்கட்டில் ஓடியது.

"சுமந்துக்கிட்டுப் போவோம்," என்று எழுந்தார் பால்தென். "இப்போ கிளம்பினா இருட்டறதுக்குள்ள ஆஸ்பத்திரி. எங்கப்பா காலத்துல எல்லாரையும் அப்படித்தான் கொண்டுபோனோம்."

"அப்படிக் கொண்டுபோனவங்கள்ல எத்தனை பேர் திரும்பி வந்தாங்க?" என்றாள் லாமு.

மூங்கில் கூடையின் ஒரு பக்கத்தை வெட்டி உட்காரும்படி செய்தார்கள். சுமப்பவனுக்கு முதுகு காட்டி உட்காரவேண்டும். கூடையைத் தாங்கும் பட்டை சுமப்பவனின் நெற்றியில் இருக்கும். கெலுவைத் தூக்கி வைத்தபோது அவன் கண்ணைத் திறந்து, "அண்ணே, மூச்சுலகூட கார்பன் இருக்காம். அஞ்சனா சொன்னாங்க. என்னைத் தூக்கறவன் கம்மியா மூச்சு விடட்டும்," என்றான்.

"வாயை மூடிட்டு வாடா," என்றார் பால்தென்.

சுல்திம் முதலில் சுமந்தான். பிறகு ஓங்டி. அவன் கூடவே வருவான் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கேட்காமலே வந்தான். யாங்ஜி போர்வையும் வெந்நீர்ப் போத்தலும் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். மரைகே ஊர் எல்லைவரை வந்து நின்றுவிட்டாள்.

ஆற்றோரப் பாதையில் ஓங்டி சுமந்துகொண்டு போகும்போது பள்ளத்தாக்கில் சத்தம் கேட்டது. இரண்டு ஹெலிகாப்டர்கள், ஒன்றன்பின் ஒன்றாக, அடுத்த பள்ளத்தாக்கின் காலைத் தேநீருக்குப் போய்க்கொண்டிருந்தன. அங்கே இந்தச் சட்டம் கிடையாது. அவை கண்ணாடி பளபளக்கத் தலைக்குமேல் கடந்தன. கெலு கூடையிலிருந்து கையைத் தூக்கி ஆட்டினான். கல்யாண ஊர்வலத்துக்குக் கையாட்டுகிற மாதிரி.

சுல்திம் தகப்பனுக்குப் பக்கத்தில் வந்து நடந்தான்.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன். இதே மரைகே அம்மா அந்தப் பலகைல படுத்திருந்தா?"

"என்ன?"

"கூப்பிட்டிருப்பீங்களா?"

"கூப்பிட்டிருப்பேன்."

"ஓங்டி படுத்திருந்தா?"

"கூப்பிட்டிருப்பேன்."

பால்தெனுக்கு அதில் விளக்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. ஊருக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயம் என்பது மற்ற வீடுகளில் வீட்டுக்குச் சாதகமாக இருக்கும். அவர் வீட்டில் எப்போதும் பாதகமாகத்தான் இருந்தது. அப்படித்தான் அந்த வீடு நின்றது.

போனில் மறுபடி சிக்னல் கிடைக்கும் பாறை வளைவு வந்ததும் சுல்திம் நின்றான். போனை எடுத்தான். "உங்க பேரு வேணாம் அப்பா. நான் கூப்பிடறேன். அபராதம் எனக்குப் போடுங்க. கோயில் வாசல்ல எத்தனை நாள் வேணும்னாலும் நிக்கறேன்."

பால்தென் வாயைத் திறந்தார். என்ன சொல்ல வந்தார் என்பது அவருக்கே பிறகு நினைவில்லை. ஏனென்றால் அதற்குள் கெலு பேசினான்.

"ஏய், வலி போயிடுச்சு."

எல்லோரும் திரும்பினார்கள்.

"நிசமாத்தான். பட்டுன்னு விட்டுடுச்சு. என்னமோ அவுந்த மாதிரி இருக்கு." அவன் காலை மெல்ல நீட்டிக் காட்டினான். விடிந்ததிலிருந்து அவன் காலை நீட்டியதே இல்லை. "ஆத்துக் காத்து பட்டா சரியாப் போற வலிக்கு இவ்வளவு அமர்க்களம் பண்ணிட்டேன்."

யாங்ஜி தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஓங்டி நெற்றிப் பட்டையை இறக்கிவிட்டுத் துடைத்துக்கொண்டான். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பால்தென் முகத்திலும் வந்தது, அவர் அதை வர விட்டார். தான் சொன்னது சரியாகிவிட்டது என்று ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவருக்குப் பெருமையாக இருந்தது. சுல்திம் போனைச் சட்டைப்பையில் போட்டான்.

வயிற்றுக்குள் எதுவோ உடைந்தால்தான் அப்படி வலி நிற்கும் என்று ஆஸ்பத்திரியில் பிறகு சொன்னார்கள். அது அந்த வளைவில் நின்ற யாருக்கும் தெரியாது.

அதனால் அவர்கள் அவசரப்படவில்லை. சாபுங் ஊரில் நிறுத்தித் தேநீர் குடித்தார்கள். கெலு தேநீரை வேண்டாம் என்றான், குளிர்கிறது என்று போர்வை கேட்டான். திரும்பி நடந்தே ஊருக்குப் போய்விடலாமா என்றுகூட ஓங்டி கேட்டான். "வந்தது வந்தோம், டாக்டர்கிட்ட காட்டிட்டே போவோம்," என்றாள் யாங்ஜி.

சாபுங் தாண்டியதும் பால்தென், "என்கிட்ட குடு," என்றார்.

"உங்களால முடியாது அப்பா."

"என் தம்பிடா."

அவர் குனிந்து பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு எழுந்தார். கெலு ஒல்லியான ஆள்தான், ஆனாலும் பட்டை நெற்றியில் அழுந்தியது. இறக்கத்தில் கல்லைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார். முதுகோடு முதுகு ஒட்டியிருந்ததால் கெலு பேசுவது காதில் விழுவதற்கு முன்பே அவர் எலும்பில் அதிர்ந்தது.

"அண்ணே."

"ம்."

"அந்த வயலை உழுதுடு. தளம் வேணாம். அடில நல்ல மண்ணுதான், மேலதான் இறுகிக் கிடக்கு. ஆழமா உழுதா கிழங்கு வரும்."

"நீயே உழு. எனக்கென்ன."

"ஆமா, நான்தான் உழணும்." அடுத்த இறக்கத்தில், "நீ குடிச்சிருக்கலாம்ணே. நல்ல சாங். யாங்ஜி பண்டிகைக்குன்னு வச்சிருந்தது," என்றான்.

பால்தெனுக்கு மூச்சு வாங்கியது. பதில் சொல்ல மூச்சு இல்லை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டார்.

தொங்கு பாலத்தில் ஏறியபோது பலகைகள் ஆடின. "கெட்டியாப் புடிச்சுக்கடா," என்றார். நடுப்பாலத்தில், "குளிருதா?" என்று கேட்டார். அக்கரை வந்ததும், "என்னடா, தூங்கிட்டியா? வாய் ஓஞ்சு நான் பாத்ததே இல்லையே," என்றார். கூடையின் பாரம் அவர் முதுகில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அவர் நிற்கவில்லை. பின்னால் வந்த யாங்ஜிக்குத்தான் கெலுவின் முகம் தெரிந்தது. அவள் கூப்பிட்ட பிறகும் அவர் கொஞ்சதூரம் நடந்துகொண்டேதான் இருந்தார்.

ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொன்னார்கள், அவ்வளவுதான். உடலைக் கொண்டுபோக ஹெலிகாப்டர் ஏற்பாடு செய்யட்டுமா என்று அங்கே ஒருவர் கேட்டார். பால்தென் அவரை ஏறிட்டுப் பார்த்தார். "உயிருக்கு மட்டும்," என்றார். வந்த வழியே சுமந்துகொண்டு ஏறினார்கள். மேல் புல்வெளியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து பாதி வழியில் தோள் கொடுத்தார்கள்.

லாமா நாள் பார்த்துச் சொன்னபடி கெலுவை எரித்தார்கள். அன்று மட்டும் விறகுக்குத் தடை இல்லை. அது பழைய சட்டத்திலேயே உண்டு.

ஈமச் சடங்குகள் நடந்துகொண்டிருந்தபோது அஞ்சனா தூலாதர் நடந்து மேலே வந்தாள். யாங்ஜிக்கு வழக்கப்படி பட்டுத் துண்டு போட்டு அழுதாள். பிறகு பால்தென் எதிரில் உட்கார்ந்தாள். செய்தி காத்மாண்டுவரை வந்துவிட்டது, மற்ற நிறுவனங்கள் சிரிக்கின்றன, நடந்து போகிற பயணம் என்றால் பிணமாகப் போகிற பயணம் என்று சொல்கிறார்கள் என்றாள். எங்களை நம்பி வரத் தொடங்கியவர்கள் மறுபடி பறக்கப் போய்விடுவார்கள், இத்தனை வருஷம் செய்ததெல்லாம் போய்விடும் என்றாள்.

"வானிலை சரியில்லாததால கூப்பிட முடியலன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும் பெரியவரே. மலைல இது நடக்கறதுதானே. யாருக்கும் கெடுதல் இல்லை. உங்க வீட்டுக்கும் நல்லது, சட்டத்துக்கும் நல்லது."

"சட்டம் கெட்டுப் போகல," என்றார் பால்தென். "சட்டம் உயிருக்குன்னா கூப்பிடுன்னுதான் சொல்லுச்சு. கூப்பிடாதது நான். சொல்றதுன்னா அதைச் சொல்லு."

"அப்படிச் சொன்னா உங்க பேரு என்ன ஆகும்?"

"எது உண்டோ அது ஆகும்."

ஊர்க்கூட்டம் கூடியது. பால்தெனே எழுந்து, இனி மூன்று சாட்சி வேண்டாம், உயிர் என்று யார் ஒருவர் சொன்னாலும் கூப்பிடலாம், சொந்தமானாலும் சரி, குழந்தையானாலும் சரி, பொய் சொன்னவனைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்றார். மற்ற சட்டங்கள் அப்படியே நின்றன. கெலுவின் வயலில் தேநீருக்கு எந்த ஹெலிகாப்டரும் இறங்கவில்லை. மரைகே ஊர் திரும்பும்போதும் நடந்துதான் இறங்கினாள். பால்தென் கும்பிட்டபோது அவள் திரும்பக் கும்பிட்டுவிட்டு நடந்தாள்.

அன்று கூட்டம் கலைந்த பிறகு பால்தென் வெண்ணெய் வைத்த குடத்தையும் பட்டுத் துண்டையும் எடுத்துக்கொண்டு யாங்ஜி வீட்டு வாசலில் போய் மண்டியிட்டார். ஊர் பார்த்தது. தகப்பனார் காலத்துக்குப் பிறகு அந்த வீட்டு ஆண் எவனும் குடத்தோடு தன் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை, கெலுவைத் தவிர. மூன்று தரம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. கோபமாகவும் இல்லை.

"எழுந்திருங்க மாமா. முட்டி வலிக்கும்," என்றாள். கதவை மூடிக்கொண்டாள்.

ஆனால் கத்தாரில் வேலை செய்யும் மகன் போனில் கேட்டபோது அவள்தான் சொன்னாள். "மேகம் மூடிக்கிச்சுப்பா. பெரியப்பா கூப்பிட்டாருதான், ஹெலிகாப்டரால இறங்க முடியல." அவன் தகப்பனை இழந்தது போதும், பெரியப்பாவையும் இழக்கவேண்டாம் என்று நினைத்தாளோ, அல்லது அந்த ஊரிலேயே அவள் வாழ்ந்து தீர்க்கவேண்டும் என்று நினைத்தாளோ, அவள் சொல்லவில்லை. மகன் நண்பர்களிடம் சொன்னான். அவர்கள் தங்கள் வீடுகளுக்குச் சொன்னார்கள். பள்ளத்தாக்கு முழுக்க அது பரவியது. தார்சே நவா தம்பிக்காகக் கூப்பிட்டார், மேகம்தான் விடவில்லை என்று இன்றைக்கும் சாபுங்கிலும் அதற்குக் கீழேயும் சொல்கிறார்கள்.

அவர் கூப்பிடவில்லை. அன்று மேகமும் இல்லை.